இஸ்கந்தரின் வாக்குமூலம் ஒளிபரப்பான விதம்

நம் நாட்டில் காரணம் இல்லாமல் யாரையும் சிறையில் வைக்கிற வழக்கம் கிடையாது. முதலில் ஆள் உள்ளே போவார். காரணம் கொஞ்சம் மெதுவாக நடந்து வந்து சேரும். ஹமதானில் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த இஸ்கந்தர் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது.

அவன் செய்தது இவ்வளவுதான். கூட வண்டி ஓட்டின நௌஸர், ஓட்டுநர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று சொன்னான். சொன்ன வாரமே அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவன் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இஸ்கந்தர் ஒரு அட்டையில் 'நௌஸர் எங்கே?' என்று எழுதி, நீதிமன்ற வாசலில் பனியில் போய் நின்றான். அதிகாரிகள் அவனைக் காக்க வைக்கவில்லை. நௌஸர் இருக்கிற இடத்துக்கே அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு குடிமகனின் கேள்விக்கு இத்தனை சீக்கிரம் பதில் கிடைத்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை.

பிறகு காரணமும் வந்து சேர்ந்தது: 'பொதுமக்களின் மனத்தைக் கலங்கடித்தல்.'

இஸ்கந்தரின் மனைவி மஹ்லகாவுக்குப் பெரிய ஆசைகள் ஒன்றும் இல்லை. நவ்ரோஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு அவன் வீட்டில் இருக்க வேண்டும். பண்டிகைத் தட்டுக்குக் கோதுமையை ஊறப்போட்டு முளைக்கட்டியிருந்தாள். "இது பச்சையா வளர்றதுக்குள்ள அப்பா வந்துடுவார்" என்று இரண்டு வயது மகள் தாபானிடம் சொல்லியும் வைத்திருந்தாள். குழந்தை தினமும் தட்டின் மேல் குனிந்து, "அப்பா வந்தாச்சா?" என்று கோதுமையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கணவனை விசாரித்தவருக்குப் பெயர் இல்லை. எல்லாரும் அவரை 'நிபுணர்' என்றார்கள். எதில் நிபுணர் என்று கேட்டவர்கள் உள்ளே இருந்தார்கள். கேட்காதவர்கள் வெளியே இருந்தார்கள். மஹ்லகா கேட்கவில்லை.

"உட்காருங்க சகோதரி. உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுஷன். முதல் நாளே மன்னிப்புக் கேட்டுட்டார்" என்றார் நிபுணர்.

"எதுக்குங்க ஐயா?"

"முதுகு காட்டினதுக்கு. அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வெச்சிருந்தோம். நான் பின்னால. கண்ணையும் கட்டியிருந்துச்சு. 'உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கேன், தப்பா நினைக்காதீங்க'ன்னார். 'பூவுக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம்'னு நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். என்ன இருந்தாலும் மரியாதையை விட முடியுமா?"

"அவரு எப்ப வருவாருங்க?"

"வந்த மாதிரிதான். குற்றத்தை ஒத்துக்கிட்டு டிவியில பேசணும். பேசினது ஒளிபரப்பான மறுநாள் விடுதலை. அவரும் அழகா வாசிச்சுட்டார், படமும் எடுத்தாச்சு."

"வாசிச்சாரா? எழுதினது யாரு?"

"நான்தான். அவருக்கு எழுத்து நடை அவ்வளவா வரல" என்றார் நிபுணர், கொஞ்சம் வெட்கத்தோடு. உடனே முகம் வாடிவிட்டது. "ஆனா டிவிக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. தணிக்கைப் பிரிவில பாஸாகலையாம். எங்க அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கிட்ட போய்க் கெஞ்ச முடியாது. குடும்பத்துக்காரங்கதான் அலையணும். அதுதான் முறை."

அப்படியாக மஹ்லகா, தன் கணவன் குற்றவாளி என்பதை நாட்டுக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொள்வதற்காக, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனாள்.

தணிக்கைப் பிரிவில் திருமதி பாக்நெஜாத் இருந்தார். தேநீர் வரவழைத்தார். குழந்தைக்குக் கற்கண்டு கொடுத்தார். "நீங்க வந்தது என் கண்ணு மேல" என்று வரவேற்றார். அதற்கப்புறம் கோப்பைப் பிரித்தார்.

"முதல் பக்கத்திலேயே சிக்கல் சகோதரி. 'நான் இந்தக் கோஷம் போட்டேன்'னு சொல்லி, கோஷத்தையும் முழுசாச் சொல்லிடுறார். அந்தக் கோஷத்தை ஒளிபரப்பச் சட்டத்தில இடமில்லை."

"தப்புன்னுதானே சொல்றாரு?"

"தப்புன்னு சொல்றதுக்குள்ள அது காத்துல போயிடுதே. அடுத்த பக்கம். வெளிநாட்டு வானொலி கேட்டுக் கெட்டுப்போனேங்கிறார். வானொலி பேரைச் சொல்றார், எத்தனை மணிக்குன்னும் சொல்றார். அதுக்கு நாம விளம்பரம் போடுறதா? அப்புறம் வேலைநிறுத்தம்ங்கிறார். நம்ம நாட்டில வேலைநிறுத்தம் நடக்கிறதே இல்லை. நடக்காத ஒண்ணுல எப்படிக் கலந்துக்கிட்டார்?"

"அந்த இடத்தை எடுத்துடுங்களேன்."

"எடுத்தாச்சு. 'நான் ஒரு கைதி'ங்கிறார். அரசியல் கைதின்னு நம்மகிட்ட ஒருத்தர்கூடக் கிடையாதுன்னு போன வாரம்தான் அமைச்சர் வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொல்லியிருக்கார். அமைச்சரைப் பொய்யராக்கலாமா?"

"அப்ப இவரு யாரு?"

திருமதி பாக்நெஜாத் யோசித்தார். "விருந்தாளின்னு வெச்சுக்குங்க."

"விருந்தாளின்னா வீட்டுக்கு அனுப்பிடலாமே அம்மா."

"விருந்தாளியைப் பார்த்துப் போன்னு சொல்றது நம்ம பண்பாடா, சகோதரி?"

கடைசிப் பக்கத்தில் இஸ்கந்தர் அழுகிறான். அழுதால் யாரோ அடித்த மாதிரி இருக்கிறது என்று அதற்கும் ஆட்சேபம். அழாமல் ஒரு தடவை எடுத்ததில் அவன் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அதற்கு இரண்டு ஆட்சேபம். வெட்ட வேண்டியதை எல்லாம் வெட்டியபிறகு, "அருளாளனும் அன்புடையோனுமாகிய இறைவனின் பெயரால்" என்ற தொடக்கமும், "நன்றி" என்ற முடிவும் மிஞ்சின. இறைவன் பெயருக்கு அடுத்ததாகவே நன்றி வருவது ஏதோ வேண்டுதல் நிறைவேறின மாதிரி இருக்கிறது என்று அவற்றிலும் அம்மையாருக்குச் சந்தேகம்.

"அப்ப ஒண்ணும் இல்லாமலே போடுங்களேன்" என்றாள் மஹ்லகா. அவளுக்குக் கோதுமைதான் கண் முன்னால் நின்றது. "பேசறதுக்கு முன்னாடி சும்மா உட்கார்ந்திருப்பார்ல, விளக்கெல்லாம் சரி பண்ற வரைக்கும்? அதை மட்டும் போடுங்க. பேசாத மனுஷன்கிட்ட வெட்ட என்னம்மா இருக்கு?"

திருமதி பாக்நெஜாத் எழுந்து வந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நிபுணரும் தொலைபேசியில் சம்மதித்தார். வாக்குமூலம் ஒளிபரப்பாக வேண்டும் என்பதுதான் உத்தரவு; அதில் பேச்சு இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அந்த வாரமே மாலைச் செய்தி முடிந்ததும், 'உண்மையின் குரல்' என்ற தலைப்பில் இஸ்கந்தர் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் குடித்தான். சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டான். ஒரு தடவை நேராகப் பார்த்தான். முடிந்துவிட்டது. தாபான் ஓடிப்போய்த் திரையை நக்கி எச்சில் பண்ணினாள். மஹ்லகா துடைக்கவில்லை.

மறுநாள் ரொட்டிக் கடை வரிசையில் அவளுக்கு எல்லாரும் வழி விட்டார்கள். ரொட்டி சுடுகிற கரம் என்பவன் அவள் கேட்காமலே எள் தூவிக் கொடுத்தான்.

"பார்த்தியா, மஹ்லகா ஜான்? எல்லாரும் டிவியில வந்து புலம்பிட்டுப் போறாங்க. உன் புருஷன் வாயைத் திறக்கலையே! சிங்கம்டி!" என்று காதுக்குள் சொன்னாள் பக்கத்து வீட்டு தாஜீ.

"காலரைத் தொட்டதுதான் விஷயம்" என்றார் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் வோசூக்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு. "கழுத்து நெரிபடுதுன்னு அர்த்தம். தண்ணி எதுக்குக் குடிச்சார்? நாட்டில ஏரியெல்லாம் வத்திப்போச்சே, அதுக்கு."

"விளக்கு சூடா இருந்திருக்கும் சார்."

"நீ அப்படித்தான்மா சொல்லணும்" என்று அவர் கண்ணடித்தார்.

ஒரு வாரத்தில் ஊர் இளைஞர்கள் எல்லாரும் காலரைச் சரி பண்ணிக்கொண்டு திரிந்தார்கள். காலர் இல்லாத பனியன் போட்டவர்களும் கழுத்தைத் தடவிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் இருக்கிற நம் ஆட்கள் நடத்துகிற டிவியில் மூன்று வல்லுநர்கள், அவன் தம்ளரை இடது கையால் எடுத்தது இடதுசாரிகளுக்குச் சொன்ன செய்தியா இல்லையா என்று ஒருவரை ஒருவர் பேசவிடாமல் விவாதித்தார்கள். எங்கோ ஒரு நகரத்தின் சதுக்கத்தில் காலி நாற்காலிகளைப் போட்டு வெள்ளைக்காரர்கள் தண்ணீர் குடித்தார்கள். ஒரு மனித உரிமை அமைப்பு இஸ்கந்தருக்கு 'மௌன விருது' அறிவித்தது. அவன் சார்பில் அதை வாங்கிக்கொண்ட பெண்மணி மௌனத்தைப் பற்றி மதியச் சாப்பாடு ஆறும் வரை பேசினார். நௌஸர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி பழசாகிவிட்டிருந்தது.

இங்கே விடுதலைத் தாள் தயாராக நிபுணரின் மேசையில் கிடந்தது. கோதுமை விரல் உயரம் வளர்ந்திருந்தது.

"ஒரே ஒரு சின்ன விஷயம் சகோதரி. இந்த ஒளிபரப்பால பொதுமக்கள் மனம் கலங்கிடுச்சான்னு மேலே கேக்கறாங்க. உங்க தெருவை விசாரிச்சுட்டு விட்டுடறோம்."

விசாரணை பள்ளிவாசல் கூடத்தில், ஹாஜி ஒருவர் தலைமையில் நடந்தது. முதலில் ரொட்டிக்கார கரம்.

"பார்த்தியா?"

"பார்த்தேனுங்க, ஹாஜி ஐயா."

"என்ன புரிஞ்சுது?"

"ஒண்ணுமே புரியலைங்க."

"புரியாததை எதுக்குக் கடைசி வரைக்கும் பார்த்தே?"

கரம் வெளியே வந்தபோது அவன் முகம் சுடாத மாவு மாதிரி இருந்தது. அடுத்துப் போன வோசூக்கி உஷாராகிவிட்டார். மின்சாரம் இல்லை என்றார். மின்சாரம் போனதாகப் பதிவே இல்லை, அரசு மின்சாரத்தைக் குறை சொல்கிறீரா என்று கேட்டார்கள். "இல்லை, இல்லை, நான் தொழுகையில இருந்தேன். அதனால இருட்டாத் தெரிஞ்சுது" என்றார். அதற்கு மேல் கேள்வி வரவில்லை. தொழுகையைக் கேள்வி கேட்கிற அலுவலகம் இன்னும் திறக்கப்படவில்லை.

அந்த வழி எல்லாருக்கும் பிடித்துப்போனது. தாஜீ தொழுதுகொண்டிருந்தாள். தாஜீயின் மருமகன்கள் தொழுதுகொண்டிருந்தார்கள். கரம்கூடத் திரும்பப் போய், தான் பார்த்தது முந்தின நாள் கால்பந்து என்று திருத்தி எழுதிக்கொடுத்துவிட்டு, தொழுகையில் சேர்ந்துகொண்டான். மாலைச் செய்தி முடிகிற நேரத்தில் எந்தத் தொழுகை என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாக மஹ்லகா.

"நீங்க பார்த்தீங்களா, சகோதரி?"

அவள் பார்த்தாள். அவன் இளைத்திருந்ததையும், சட்டை அவனுடையது இல்லை என்பதையும், நேராகப் பார்த்தபோது அவன் கண் தேடியதையும் பார்த்தாள். என்ன புரிந்தது என்று அடுத்து கேட்பார்கள். தெருவே தொழும்போது டிவி பார்த்தவள் தான் ஒருத்திதான் என்று ஆகிவிடும். அப்புறம் குழந்தையை யார் பார்ப்பது?

"நானும் தொழுதுகிட்டுதான் இருந்தேன்" என்றாள்.

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது நிபுணர் கூப்பிட்டு அனுப்பினார். தெருவில் பாதிப்பேர் சிறை வாசல் வரை கூட வந்தார்கள். தாஜீ அரிசி மாவுப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். வோசூக்கி மாலை வாங்கி வந்திருந்தார். மஹ்லகா மட்டும் உள்ளே போனாள்.

"வாழ்த்துகள்! பொதுமக்கள் மனம் துளிகூடக் கலங்கலைன்னு நிரூபணம் ஆயிடுச்சு" என்றார் நிபுணர். "அந்த வழக்கு தள்ளுபடி. ஆனா பாருங்க, விடுதலை உத்தரவில 'பொதுமக்கள் முன்னிலையில் வாக்குமூலம் அளித்தபின்'னு இருக்கு. பொதுமக்களோ யாருமே பார்க்கலை. பார்க்காத வாக்குமூலம் எப்படி வாக்குமூலம் ஆகும்? பண்டிகை விடுமுறை முடிஞ்சதும் மறுபடி போடணும்."

மஹ்லகா மேசையருகே நகர்ந்தாள். "ஐயா... நான் பார்த்தேன்."

நிபுணரின் பேனா நின்றது. "ஐயோ சகோதரி, எங்களுக்கு ஒரே ஒரு ஆள் போதும். ஆனா நீங்க தொழுதேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே. அது பொய்யா? அப்ப உங்களோட சேர்ந்து தொழுத மத்தவங்களும்...?"

ஜன்னலுக்கு வெளியே தாஜீ பலகாரத் தட்டைக் குளிருக்குத் துணியால் மூடிக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க" என்றாள் மஹ்லகா.

"அதுதான் நல்லது. அடுத்த தடவை நாலு பேரைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்க. அவ்வளவுதான் வேணும்."

வெளியே வந்தவளை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்கடி எங்க சிங்கம்?" என்றாள் தாஜீ.

"மறுபடி டிவியில போடுவாங்களாம். யாராவது பார்த்ததாச் சொன்னாப் போதுமாம், விட்டுடுவாங்களாம்."

மாலையைக் கையிலிருந்து கோட்டுப் பைக்கு மாற்றினார் வோசூக்கி. "அடடா, அன்னிக்கு நான் மகள் வீட்டுக்கு ஷிராஸ் போறேனேம்மா" என்றார்.

"எங்க டிவி ரிப்பேர், மஹ்லகா ஜான்" என்றாள் தாஜீ.

"அன்னிக்கு எனக்கு அடுப்பை விட்டு நகர முடியாது" என்றான் கரம்.

எந்த நாள் என்று மஹ்லகா இன்னும் சொல்லவே இல்லை.