லியான்ஃபூ விட்ட வேர்

செங்கல் கட்டிலின் நடுவில், கணப்புச் சூடு நன்றாக ஏறும் இடத்தில், வேய் ஆசான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் மூத்த சீடன் பாங், கசாப்புக் கடைக்காரன். அடுப்படி முக்காலியில் வீட்டுக்காரி ஷூச்சின். வீட்டுக்காரன் லியான்ஃபூ மட்டும் உட்காரவில்லை. ஜன்னலோர டப்பாவிலிருந்த பசையைக் காலணியின் அடியில் தடவி, ஆசானும் பாங்கும் வருவதற்கு முன்பே தரையில் காலூன்றிவிட்டான்.

பாங் தள்ளியும் கால் பெயராதவனுக்குத்தான் ஷிங்யி தற்காப்புக் கலைச் சீடர் வரிசையில் இடம். போன வருஷம் தள்ளியதில் லியான்ஃபூ காடிச் சாடிக்குள் போய் உட்கார்ந்தான். இந்த முறையும் பெயர்ந்தால் பயிற்சிக்கே வர வேண்டாம் என்று ஆசான் சொல்லியிருந்தார்.

"தம்பி, சாடியை நகத்தி வெச்சாச்சா?" என்றான் பாங்.

"தள்ளுங்கண்ணே."

பாங் தள்ளினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தள்ளினான். அவன் தொப்பிதான் விழுந்தது.

"வேர் விட்டுட்டான்யா!" ஆசான் தொடையைத் தட்டினார். "வா, உக்காந்து டீ குடி."

லியான்ஃபூ குனிந்து காலணியைப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் நிக்கறேன் ஆசானே."

"பாத்தியாடா பாங்? ஜெயிச்ச பிறகும் நிக்கிறான். நீயா இருந்தா தட்டைத் தேடியிருப்பே."

ஷூச்சின் வாசலை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கரி வண்டி வந்திருக்கு. வந்து எறக்குங்க."

"நீயே கொஞ்சம்..."

"ஏன், வேர் விட்டவங்க கரி தொடக்கூடாதோ?"

"அவன் நிக்கட்டும் தங்கச்சி," என்று பாங்கே போய் இறக்கினான்.

அதற்குள் ஆசான் தாய்யுவானில் இருக்கும் தம் குருவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார். 'புத்தாண்டு விழாவில் எல்லோர் முன்னாலும் இவனை நிறுத்துகிறேன். தாங்களே தள்ளிப் பார்க்கலாம்.'

"ஆசானே, நான் ஒரு தப்பு..."

"அடக்கம் வேறயா! அம்மா, உறையை ஒட்டக் கொஞ்சம் பசை குடு."

லியான்ஃபூ கண்ணை மூடிக்கொண்டான். ஷூச்சின் டப்பா பக்கமே போகவில்லை. மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி உறையை மூடினாள். கரிக்கையைத் துடைத்துக்கொண்டு பாங் கடிதத்தோடு தபாலாபீசுக்குக் கிளம்பினான். ஆசானும் கூடவே போனார்.

"அடியே, வெந்நி கொண்டா! கால் ஒட்டிக்கிச்சு. அந்த டப்பாப் பசை மொத்தத்தையும் தடவிட்டேன்."

ஷூச்சின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுல ஏதுங்க பசை? புது வருஷத்துக்குக் கதவுல செவப்புக் காகிதம் ஒட்டக் கரைச்ச மாவுக்கஞ்சி அது. காகிதமே நிக்காம விழுந்துடுச்சு, அதான் மெழுகை ஊத்தினேன்."