சகலையின் வண்டியும் என் வலது காலும்

சகலை என்ற உறவை உண்டாக்கியவன் மனிதனின் வயிற்றெரிச்சலை நன்றாக அறிந்தவனாக இருக்க வேண்டும். என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. என் மனைவியின் தங்கையைக் கட்டிய சீனிவாசனோ, பந்தல்குடியில் பருத்தி லோடு ஏற்றும் பழைய பிக்கப் வண்டியே வாங்கிவிட்டான். அதன் பிறகு மாமியார் வீட்டில் என் இலையில் விழுந்த கறித்துண்டுகள் சிறுத்துப்போயின. (அளந்து பார்க்கவில்லை. தெரியும்.)

எழுபதுகளின் தொடக்கம். திருச்சுழி கோவிலில் என் மூத்த மகனுக்குக் காதுகுத்து. பாளையம்பட்டி மாமனார் வீட்டிலிருந்து எல்லோரும் சீனிவாசன் வண்டியில் போவதாக ஏற்பாடு. பிள்ளையின் தகப்பனுக்கே முன் சீட்டு என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

விடிந்து பார்த்தால் பிரேக் தொளதொளவென்று இறங்கியது. குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். சீனிவாசன் ஸ்பேனரோடு சக்கரத்தடியில் படுத்தான். நான் பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். அவன் குழாய் முனைத் திருகைத் தளர்த்தி, ஆயிலோடு காற்றை வெளியேற்றுவான். திருகை இறுக்கிய பிறகே நான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

"நான் சொல்ற வரைக்கும் காலை எடுத்துறாதீகண்ணே."

(யாருக்குச் சொல்கிறான்?) மிதித்தேன். மாமியார் காப்பியோடு வந்து நேரே சக்கரத்தடிக்குப் போனார். எந்த டம்ளர் என்று எட்டிப் பார்த்தேன். மூத்த மாப்பிள்ளை எனக்கென்று இருந்த வெள்ளி டம்ளர். கால் தானாக எழுந்துவிட்டது. மறுபடி மிதித்தேன், விசிறியோடு வந்தார். அப்புறம் பணியாரம். காற்று எப்படித்தான் ஏறுகிறது என்று புரியாமல் சீனிவாசன் தலையை நீட்டிப் பார்த்தபோது, நான் கதவுக்கு வெளியே பாதி தொங்கிக்கொண்டிருந்தேன். பிரேக் ஆயில் டின் காலி. கடை திறக்கும் வரை காத்திருந்தால் நல்ல நேரம் தப்பிவிடும்.

குடும்பமே பஸ்ஸில் போனது. தம் பக்கத்தில் இருந்த ஒரே காலி இடத்தில் மாமியார் சீனிவாசனை உட்காரவைத்தார். விடியக்காலையிலிருந்து மண்ணில் கிடந்த பிள்ளையாம். நான் மகனைத் தூக்கிக்கொண்டு கம்பியில் தொங்கினேன். வழியில் ஆடுகள் குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டார். என் வலது காலும் தரையை அழுத்தி மிதித்தது. எடுக்கவே இல்லை.

சீனிவாசன் அதைப் பார்த்துவிட்டான். "இப்ப மிதிச்சு என்னண்ணே பண்ண?" என்றான்.

கண்டக்டர்கூடச் சிரித்தார். காது நேரத்துக்குக் குத்தியாயிற்று. அது யாருக்கும் நினைவில்லை.

பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைத்தாலும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இந்தப் பேச்சுத்தான். சர்க்கரை வியாதி வந்த பிறகு நான் காலையில் நடக்கக் கிளம்பியதைப் பார்த்து, காது குத்திக்கொண்ட அந்த மகனே சொன்னான்: "சித்தப்பா சொன்ன மாதிரி, இப்ப மிதிச்சு என்னப்பா பண்ண?"

மிதித்தது என் கால். அதிலும் பெயர் சகலைக்கு.