ரத்னம்மாவின் கள்ளு

என்மீது குற்றச்சாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. கோபக்காரி, வாயாடி, கையெழுத்து கோழி கிளறியது மாதிரி. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரத்னம்மா விஷயத்தில் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை; கேட்கப்போவதும் இல்லை.

படிப்பு முடிந்த சூட்டோடு திருநெல்வேலியிலிருந்து கிளம்பி வந்து, ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டராக உட்கார்ந்தேன். ஓசூரும் தமிழ்நாடுதானே, தமிழ் போதும் என்ற தெனாவட்டு. அந்த நேரம் பார்த்து ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. ஷிப்ட் முடிந்து வரும் கூட்டம் மொத்தமும் கூலிங் கிளாஸோடு நிற்கும் (பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாம்! கை பட்டுத்தான் பரவும் என்று கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம்). சிவந்த கண்ணா, சொட்டு மருந்து, அடுத்த ஆள். கண் வைத்தியத்தில் கரை கண்டுவிட்டதாக எனக்கு நினைப்பு.

அப்போதுதான் ரத்னம்மா வந்தார். ஒரு கம்பெனி கேண்டீனில் சமைப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "நின்ன ராத்திரி நுஞ்சி கள்ளு... வாந்தி... தல நொப்பி..." என்று முனகினார்.

எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் ராத்திரி தெரியும், கள்ளு தெரியும், வாந்தி தெரியும். ஒரு கண் வேறு சிவந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ஏம்மா, இந்த வயசுல இது தேவையா? கள்ளு குடிச்சா குடலும் போயிரும், குடும்பமும் போயிரும். இன்னையோட விட்டுருங்க" என்றேன், வெளியே இருந்த கூட்டத்துக்கும் கேட்கும்படி.

நர்ஸ் ஸ்டெல்லா உள்ளூர்க்காரி. அவள் முகம் வெளிறியது. "மேடம், தெலுங்குல கள்ளுன்னா கண்ணு! கண்ணு நோவுதுங்கறாங்க. எங்க தெருவுல ஒயின்ஷாப்பு வரக்கூடாதுன்னு ரோட்ல உக்காந்ததே இவங்கதான்."

ரத்னம்மாவின் முனகல் நின்றது. "யாரப் பாத்து குடிகாரின்ற? உன்கிட்ட காட்டறதுக்கு நான் குருடாவே போறேன்!" என்று தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் தொடர்ந்து, விறுவிறுவென்று வெளியேறப் போனவர், பாதி திறந்திருந்த கதவில் மோதிக்கொண்டார்.

மோதியது சிவந்த கண் இருந்த பக்கம். எனக்குச் சுருக்கென்றது. மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், உறுத்தும். இப்படிப் பார்வை மறையாது, வாந்தியும் வராது. ஓடிப்போய் டார்ச் அடித்தேன். கருவிழி புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. நடுவிலிருந்த கண்மணி விரிந்தபடியே நின்றது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை.

"பல்பைச் சுத்தி வளையம் தெரிஞ்சுதா?"

"வானவில்லாட்டம். கைய எடு" என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறியிருந்தது. தாமதித்தால் போன பார்வை திரும்பாது. கதவை மறித்து நின்றேன். "என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க. ஆட்டோல உக்காந்து திட்டுங்க."

கிளினிக் முதலாளி ஓடிவந்தார். "மேடம், இவ்ளோ பேர் நிக்கறாங்களே, எங்க போறீங்க?"

"அவங்க கண்ணெல்லாம் சாயங்காலமும் சிவப்பாத்தான் இருக்கும் சார். இது காத்திருக்காது."

கண் ஆஸ்பத்திரி வரை மூன்று மொழிகளில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். (ஆட்டோக்காரர், எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற கவலையில், தெலுங்கையும் கன்னடத்தையும் மொழிபெயர்த்துச் சொன்னார்.) அங்கே மருந்து ஏற்றி அழுத்தத்தை இறக்கி, பிறகு கண்ணுக்குள் நீர் வடிய லேசரில் துளை போட்டார்கள். பார்வை தப்பியது.

மன்னிப்புக் கேள் என்று ஸ்டெல்லா இன்றும் சொல்கிறாள். எதற்குக் கேட்க வேண்டும்? நான் மரியாதையாகப் பேசியிருந்தால் அந்தம்மா சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு, கதவைப் பார்த்துப் பொறுமையாகப் போயிருப்பார். கண்ணும் போயிருக்கும்.

என் கல்யாணத்துக்கு ரத்னம்மா வந்தார். மேடையேறி, மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மைக் இல்லாமலே மண்டபம் அதிர அறிவித்தார்: "டாக்டரம்மா, நீ குடுத்த கள்ளு நல்லா வேல செய்யுது!"

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அப்படியே உறைந்துபோனார்கள்; அர்த்தம் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இன்றும் என் மாமியார் சொட்டு மருந்துக்குத் தலையைச் சாய்க்கும்போது, "ம், கள்ளை ஊத்து" என்பார். வீடே சிரிக்கும்.

சிரிக்கட்டும். என் பக்கச் சாட்சி ரத்னம்மாவின் கள்ளு. இரண்டும் நன்றாகத் தெரிகின்றன.