முதலாளி ஆகப் போன ஞாயிறு

இனி யாரிடமும் கைகட்டிச் சம்பளம் வாங்குவதில்லை, நானே முதலாளி ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன். வாஷிங்டனை ஒட்டிய சில்வர் ஸ்பிரிங்கில் ஒரு இஞ்செரா கடை. அந்தப் புளித்த அப்பம் இல்லாமல் எங்கள் எத்தியோப்பிய ஆட்களுக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. பெரிய அடுப்பு வாங்கப் பணம்தான் வேண்டும்.

வங்கி அதிகாரி சிரித்த முகம் மாறாமல் கேட்டார்.

"கடன் அஞ்சு வருஷம். உங்க விசா அடுத்த வருஷம் முடியுது. மிச்சத்தை யார் கட்டுவாங்க?"

"நான்தான்."

"எங்கேர்ந்து?"

அது எனக்கும் தெரியவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வழி எக்குப், அதாவது எங்கள் சீட்டு. குலுக்கலில் பெயர் வந்தவருக்குத்தான் பணம். ஆனால் அவசரம் என்றால் மற்றவர்கள் மனசு வைத்து முதல் சீட்டை விட்டுக்கொடுப்பதும் உண்டு. அந்த மனசை வரவழைக்க, தலைவர் வுபிஷெட்டையும் இன்னும் மூன்று பேரையும் ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு அழைத்தேன். எங்கள் வீடுகளில் காப்பி மூன்று சுற்று. மூன்றாவதுதான் ஆசீர்வாதம். அதைக் குடிக்காமல் யாரும் எழுந்து போக முடியாது. இதைவிட நல்ல எலிப்பொறி கிடையாது.

என் மனைவி யெஷிமெபெத்திடம் மூச்சு விடவில்லை. சர்ச் விருந்துகளுக்கெல்லாம் இஞ்செரா சுட்டுத் தருகிறவள் அவள். "அடுப்பு எந்தப் பக்கம் எரியும்னு தெரியுமா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவாள். கடை திறந்ததும் அவளையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு நினைத்திருந்தேன்.

முதல் கோப்பையை அவள் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே விஷயத்தை அவிழ்த்தேன்; விருந்தாளிகள் முன்னால் மானத்தை வாங்க மாட்டாள் என்ற தைரியம். இரண்டாவதில் வுபிஷெட் கனிந்தார்.

"தம்பி, குடுக்கறதுல ஒண்ணுமில்ல. ஆனா நீ விசாக்காரன். திடீர்னு பிளேன் ஏத்தி அனுப்பிட்டா மிச்சத் தவணைய ஆகாசத்துலயா வசூல் பண்றது? ஜாமீன் வேணும்."

"நீங்களும் பேங்க்காரன் மாதிரியே பேசறீங்களே அண்ணே!"

"அவன் உன் காப்பியைக் குடிக்கல. நாங்க குடிச்சிட்டுச் சொல்றோம்."

"யார் ஜாமீன் போட்டா ஒத்துக்குவீங்க?"

"பொம்பளைங்க சீட்டோட தலைவி ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"யாரு அந்தம்மா? சொல்லுங்க, போய்க் கால்ல விழறேன்."

நாலு பேரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் காப்பி அடுப்பின் தணலை விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மூன்றாவது கோப்பை இன்னும் வரவில்லை.

"நீயா தலைவி? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கடையப் பத்திச் சொன்னீங்களா?"

"சரி, ஜாமீன் போடுவியா?"

"உங்க விசா என்னிக்கு முடியுது?"

"எனக்கு முடிஞ்சா உனக்கும்தாண்டி முடியும்!"

"நாம ஊருக்கே போயிட்டாலும் மிச்சத்தைக் கட்ட என் பின்னாடி எங்க சீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் நிக்கறாங்க. உங்க பின்னாடி யாரு நிக்கறா?"

திரும்பிப் பார்த்தேன். சுவர் இருந்தது.

"அதோட, உங்க விசாவுல இப்ப இருக்கற ஆபீஸ் தவிர வேற எங்கயும் வேலை பாக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"நான் முதலாளிடீ. வேலையா பாக்கப் போறேன்?"

"மாவு கரைக்கறது வேலை. சுடறது வேலை. கல்லாவுல உக்கார்றதும் வேலை. உங்க பொண்டாட்டிங்கற முறையில எனக்கு எங்க வேணாலும் வேலை பாக்க அனுமதி வந்தாச்சு. சீட்டை என் பேருக்குக் குடுங்கண்ணே, கடைய நான் நடத்தறேன். தவணைய இவர் சம்பளத்துல கட்டிக்கறோம்."

"இதுல ஒரு ஓட்டையும் இல்ல," என்றார் வுபிஷெட். மற்ற மூவரும் என்னைப் பார்க்காமலே தலையாட்டினார்கள்.

மூன்றாவது கோப்பை வந்தது. யெஷிமெபெத்தின் கடை ஓஹோவென்று நடக்க வேண்டும் என்று வுபிஷெட் ஆசீர்வதித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் குரலும் அதில் இருந்தது.

அவர்கள் போனதும் கேட்டேன்.

"அப்போ எனக்கு என்னதான் வேலை?"

"வீட்டுச் சமையல். அதுக்கு எந்த நாட்டுலயும் விசா கேக்கறதில்ல."