மசமச ராவுத்தரும் எங்கள் மச்சு வீடும்

கோவிந்தாபுரத்தில் இருந்து நல்லேப்பிள்ளி வரைக்கும், அந்தக் காலத்தில் போட்டோ எடுத்துக்கொண்ட அத்தனை பேருடைய சொத்தையும் ஒரே ஆளாக அழித்தவர் மசமச ராவுத்தர். மோசடி ஒன்றும் இல்லை. எல்லாம் போட்டோவில்தான்.

அவரிடம் பித்தளைக் குழாய் வைத்த லென்ஸ் இரண்டு இருந்தன. இரண்டும் வாய் அகன்றவை. எதிரே இருக்கும் முகத்தை மயிர் மயிராகக் காட்டும், பின்னால் இருப்பதைக் கரைத்துவிடும். ஒன்றுக்குத் தயிர், இன்னொன்றுக்கு மோர் என்று பேர் வைத்திருந்தார். தயிரில் பின்பக்கம் கெட்டியாகக் குழைந்து நிற்குமாம், மோரில் சுழன்று ஓடுமாம். எது உசத்தி என்பதுதான் அவருடைய தீராத வழக்கு. அதனால் யார் போனாலும் இரண்டு தடவை உட்கார்ந்தாக வேண்டும். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் இருப்பது மனுசனா மாடா என்று கேட்டால் மறுபடி பார்த்துத்தான் சொல்வார்.

லென்ஸுக்குள் சின்ன ஓட்டை போட்ட தகடு ஒன்றைச் செருகினால் பின்னால் இருப்பதும் தெளிவாக விழும். அந்தத் தகட்டை அவர் சுண்ணாம்பு டப்பாவுக்கு மூடியாக வைத்திருந்தார். ஓட்டை வழியாக விரலை விட வசதியாம்.

எங்கள் ஊர் அதிகாரி ஒரு யானை வாங்கினார். யானையைப் பின்னால் நிறுத்தி, நாற்காலி போட்டு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். படத்தில் அவருடைய கடுக்கன் மின்னியது. யானை இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ ஒரு மொத்தை.

"ராவுத்தரே, என்ற ஆனை எங்கீங்க?"

"ஆன கெடக்கட்டுங்க. அதுக்குப் பக்கத்துல பூவரசெல எப்படிக் கரஞ்சிருக்குது பாருங்க. தயிருங்க, தயிரு."

வருகிறவர்களிடம் எல்லாம் அது நெல்லியாம்பதி மலை என்று சொல்லியே அதிகாரி கடைசிவரை சமாளித்தார்.

அடுத்து மாட்டியது நான். எனக்கு அதற்குள் இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. படிப்பு ஏறவில்லை. காது இரண்டும் திறந்த கதவு மாதிரி நிற்கும். காட்டிக்கொள்ள எங்களுக்கு இருந்தது, புதிதாக ஓடு வேய்ந்த மச்சு வீடு ஒன்றுதான். ஆனைமலையில் ஒரு பெண் இருக்கிறது, மாப்பிள்ளை போட்டோ கேட்கிறார்கள் என்று தரகர் சொன்னதும், அப்பா ராவுத்தரை வரவழைத்தார்.

"பையன் எப்படி உழுந்தாலும் பரவால்லீங்க. ஊடு நல்லா உழோணும்."

"ஆகட்டுங்க" என்றார் மனுசன். வீட்டு முன்னால் இரண்டு தடவை நின்றேன். அப்பா பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்த நாளில், தரகர் ராவுத்தரிடமே நேராகப் போய்ப் படத்தை வாங்கிக்கொண்டு ஆனைமலைக்குக் கிளம்பிவிட்டார். அது தயிர்ப் படம். பையன் சரி, குடியிருக்க வீடு கிடையாதா, எதற்குப் புகைக்குள் நிற்கிறான் என்று அங்கிருந்து ஆள் வந்து கேட்டார்.

அப்பா நேராக ராவுத்தர் வீட்டு வாசலுக்கே போய்விட்டார். "பத்து வருசம் பாடுபட்டுக் கட்டுன ஊடுங்க. எங்க போச்சு?"

"அங்கயேதான் இருக்குதுங்க. வேணும்னா போய்ப் பாத்துக்குங்க."

அப்பா கை ஓங்கினார். நான்தான் பிடித்து இழுத்தேன், ஆனாலும் மூன்றாவது வரனும் போச்சே என்று எனக்கும் ஆத்திரம்தான்.

மறுநாள் காலையில் ராவுத்தர் வண்டி கட்டிக்கொண்டு ஆனைமலைக்குப் போனதாகத் தகவல் வந்தது. பாவம், சமாதானம் சொல்லப் போயிருக்கிறார் என்று நினைத்தோம். அவர் கவலையே வேறு. பெண் வீட்டார் தயிரை மட்டும்தானே பார்த்தார்கள், மோரைப் பார்க்கவில்லையே! பெண்ணின் அப்பா முன்னால் இரண்டு படத்தையும் பரப்பி, "எதுல பின்னாடி நல்லாக் கரஞ்சிருக்குதுங்க, நீங்களே சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டாராம். பெண்ணைப் பெற்றவருக்கு ஒன்றும் புரியவில்லை. படம் உள்ளே பெண்கள் கைக்குப் போனது. வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்ததாம்.

அடுத்த நாள் ராவுத்தர் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, மோருன்னு தீர்ப்பாயிருச்சு. பொண்ணே சொல்லிருச்சு."

"கல்யாணம் என்னாச்சுங்க?"

"அட, அதுவும் ஆகட்டும்னாங்க. சொல்ல மறந்துட்டேன்."

கல்யாணமான பிறகு அவளிடம் கேட்டேன், எதைப் பார்த்து என்னை ஒத்துக்கொண்டாய் என்று.

"ரெண்டு படத்தையும் குடுத்து நல்லாப் பாக்கச் சொன்னாருங்க. ரெண்டுலயும் பின்னாடி ஒண்ணுந் தெரியல. நான் வேற என்ன பண்றது, உங்களையேதான் பாத்துட்டு இருந்தேன்."

எங்கள் கல்யாணப் படம் இன்னும் சுவரில் மாட்டியிருக்கிறது. அன்றைக்குப் பார்த்துப் பின்பக்கம் வெறும் சுவராக இருந்தது ராவுத்தருக்குப் பொறுக்கவில்லை. கரைவதற்கு ஏதாவது வேண்டுமே! லென்ஸ் மூடியைக் கழற்றும் வேலையை என் மச்சானிடம் கொடுத்துவிட்டு, அவரே வந்து எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டார். அவர் இருக்கும் போட்டோ அது ஒன்றுதான். தொப்பி எது, தாடி எது என்று தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் பின்னால் நிற்பது யார் என்று கேட்பார்கள். அவள்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள்.

"எங்க ஊட்டுப் பெரியவருங்க."