மன்னரின் முகம் பார்த்த கேமரா

நெடுங்காவல் நாட்டில் மன்னருக்கு யாரும் முதுகைக் காட்டக் கூடாது. மன்னர் நேரில் இருக்க வேண்டும் என்பதில்லை. சுவரில் அவர் படம் தொங்கினாலே போதும். அதனால் சலூன்காரர்கள் பக்கவாட்டிலேயே நகர்ந்து ஒரு பக்கத்துக் கிருதாவை மட்டும் ஒழுங்காக வெட்டுவார்கள். மறுபக்கம் அவரவர் விதி.

அந்த நாட்டில் செங்கமலத்துக்கு வேணி என்று ஒரு மகள். ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. அவளைப் போன்ற பிள்ளைகளுக்காக அரசு நடத்திய சிறப்புப் பள்ளிக்கு ‘தெய்வக் குழந்தைகள் மாளிகை’ என்று பெயர். கூரையைத் தவிர மாளிகைக்கு ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து வேணி ஒருநாள் மணிக்கட்டில் சிவந்த தடங்களோடு வந்தாள்.

“அவளேதாம்மா கடிச்சுக்கிட்டா” என்றார் தலைமையாசிரியர்.

“எதை வச்சுக் கடிச்சா சார்? முன்பல்லு விழுந்து மாசமாச்சே.”

செங்கமலம் கண்காணிப்பு அமைச்சரின் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். “வகுப்புல ஒரு கேமரா வைங்கய்யா. எம்பொண்ணு வாயால சொல்லமாட்டா. அந்தக் கேமராவாவது சொல்லட்டும்.”

தேர்தல் நேரம். அமைச்சரின் மனம் உருகியது. உருகியதைப் படம் பிடித்த பிறகு ஆணை பிறந்தது.

மேளதாளத்தோடு கேமரா வந்தது. வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. கரும்பலகைக்கு மேலே மன்னர் படம். பிள்ளைகள் பக்கம் திருப்பினால் கேமரா மன்னருக்கு முதுகைக் காட்டிவிடும். நிபுணர் குழு கூடிப் பேசி, அவர் திருமுகம் மட்டும் திரை நிறையத் தெரியும்படி கேமராவைப் படத்துக்கு நேரெதிரே பொருத்தியது.

வேணியின் தடங்கள் ஆழமாயின. பதிவைக் காட்டியே தீர வேண்டும் என்று செங்கமலம் பிடிவாதம் பிடித்தாள். அமைச்சரின் அறையில் திரை ஒளிர்ந்தது. மன்னர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

“என்ன தெளிவு, பார்த்தாயா?” என்றார் அமைச்சர்.

செங்கமலம் திரைக்கு அருகே போனாள். “படத்துமேல இருக்கிற கண்ணாடியில பாருங்கய்யா.”

மன்னரின் மீசைக்குக் குறுக்கே மங்கலாக வகுப்பறை தெரிந்தது. நாற்காலிகளில் பிள்ளைகள். எல்லார் கைகளும் பின்னால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. ஓரத்தில் வேணி. வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. படத்திலுள்ள மன்னர் பேசப்போவதில்லை என்பதால் ஒலியைப் பதிவு செய்யவில்லை.

“ஏனய்யா கட்டினீர்?” என்று அமைச்சர், பதிவைக் கொண்டுவந்திருந்த தலைமையாசிரியரைப் பார்த்து உறுமினார்.

“முன்னெல்லாம் அடங்காத ஒண்ணு ரெண்டைத்தாங்க கட்டுவோம். கேமரா வந்தப்புறம், இதுங்க நாற்காலிமேல ஏறிக் குதிச்சு மன்னர் முகத்த மறைக்குதுங்க. அதான் எல்லாத்தையும்...”

அமைச்சர் நெடுநேரம் யோசித்தார். “பெரிய தவறு நடந்திருக்கிறது” என்றார். செங்கமலத்துக்குக் கண் கலங்கியது. “படத்துக்குக் கண்ணாடி போட்டவன் யார்?”

நாடெங்கும் மன்னர் படங்களிலிருந்து கண்ணாடி கழற்றப்பட்டது. இனி மன்னருக்கும் மக்களுக்கும் இடையே எந்தத் தடுப்பும் இல்லை என்று அறிவிப்பு வந்தது.

செங்கமலம் விடவில்லை. மகளையே அமைச்சர்முன் கொண்டுவந்து நிறுத்தினாள். “கண்ணாடிய விடுங்கய்யா. இவ கையப் பாருங்க.”

கையைத் தூக்கிக் காட்டப் போனாள். அதற்குள் வேணி சுவரைப் பார்த்துவிட்டாள். அங்கே மன்னர் படம். அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். இரு மணிக்கட்டுகளையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அசையாமல் நின்றாள். கயிறு இல்லை. கட்டுவதற்கும் ஆள் இல்லை.

அமைச்சர் எழுந்தே விட்டார். “அடடா! யாரும் சொல்லாமலே என்ன பணிவு! இந்தப் பிஞ்சுக்கு இருக்கும் பக்தி நமக்கில்லையே!”

மறுவாரம் அதுவே நாட்டின் வணக்கமுறை ஆயிற்று. பள்ளிகளில் கயிற்றுக்கு வேலை இல்லாமல் போனது. கேமராக்களையும் இடம் மாற்றினார்கள். மன்னருக்கு முதுகு காட்டாமல் மக்களைப் பார்க்க, படத்திலுள்ள மன்னரின் நெற்றியே தோதான இடம் என்று நிபுணர் குழு ஒருவழியாகக் கண்டுபிடித்திருந்தது.

தேர்தல் வெற்றிவிழாவுக்கு மைதானம் நிறைந்தது. பிரம்மாண்டமான படத்தின் முன்னால் ஊரே கைகளைப் பின்னால் வைத்து நின்றது. செங்கமலம் மட்டும் மண்டியிட்டு, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கைகளை முன்னால் கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்தாள்.

அதை மன்னரின் நெற்றியிலிருந்த கேமரா வெகு தெளிவாகப் பதிவு செய்தது. இந்த முறை ஒலியோடு.