அங்குலம் கேட்ட மன்னிப்பு

நான் ஒரு அடி நிலத்தைத் திருடியவன். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு திருடினேன். அதுவும் யார் கண்ணெதிரே? மதுரையிலிருந்து பேரையூர் வரைக்கும், அளவு ஒரு நூல் பிசகினாலும் சோறு இறங்காத ஒரே மனிதரின் கண்ணெதிரே.

அவரை எல்லோரும் அங்குலம் என்றுதான் சொல்வார்கள். அரசாங்க சர்வேயராக இருந்து ஓய்வு பெற்று, வீடு கட்டப் போகிறவர்களுக்கு மனை அளந்து கல் நட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணிக்கு மேல் டேப்பைத் தொட மாட்டார். "வெயிலேற ஏற டேப்பு நீளும் சார்" என்பார். அளக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். "ஒரு வாய் காப்பி குடிச்சா அது ஒரு அங்குலம் கேக்கும்." விளாங்குடி டீக்கடையில் நின்றுகொண்டுதான் குடிப்பார். பெஞ்சு மூன்று அங்குலம் ரோட்டில் இருக்கிறதாம்.

மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில், எல்லோரும் கேசரி தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் காம்பவுண்டு ஓரமாகப் பாதத்துக்குப் பாதம் வைத்து நடந்திருக்கிறார். திரும்பி வந்து, "சம்பந்தி, ஒங்க சுவரு அடுத்தவன் எடத்துல நிக்கிது. மொதல்ல அத இடிங்க, அப்புறமாத் தட்டு மாத்துவோம்" என்றாராம். இடித்தார்கள். கல்யாணப் படத்தில் சம்பந்தி இவரைப் பார்க்கும் பார்வையை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. டேப்பின் முனையை அவர் பிடிக்க மாட்டார். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும்தான் பிடிக்க வேண்டும். "எடம் ஒங்களது, நீங்க புடிங்க. நான் நம்பர வாசிக்கிறவன்."

விளாங்குடிக்கு உள்ளே தள்ளி எனக்கு நாற்பது அடி அகலத்தில் ஒரு மனை. ஒட்டி, முப்பது அடியில் பாண்டியின் மனை. அதற்கு அப்பால் தெரு. பாண்டி கப்பலூரில் லேத் பட்டறைத் தொழிலாளி. அவனுடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர்கள். "எங்க வம்சத்துலயே பத்திரத்துல பேரு ஏறுன மொத ஆளு நாந்தான் சார்" என்று என்னிடம் குறைந்தது பத்துத் தடவை சொல்லியிருப்பான்.

இருவரும் வீடு கட்டும் முன் அங்குலத்தைக் கூப்பிட்டோம். என் மனையின் மறுகோடியில், கருவேலம் புதருக்குள் பழைய எல்லைக் கல் ஒன்று இருந்தது. அதிலிருந்து நாற்பதாவது அடிதான் எனக்கும் பாண்டிக்கும் நடுவிலான கோடு. நான் புதருக்குள் நுழைந்து டேப்பின் முனையைக் கல்லில் வைத்துப் பிடிக்க வேண்டும். பாண்டி மறுமுனையை இழுத்துப் பிடிப்பான்.

அந்த வாரம்தான் இன்ஜினியர் சொல்லியிருந்தார், போர்டிகோவில் என் மகனின் கார் நுழையும், ஆனால் கதவு திறக்காது என்று. ஒரு அடி போதவில்லை.

"கல்லுல வச்சிட்டீகளா சார்?" என்று அங்குலம் சத்தம் போட்டார்.

"வச்சிட்டேன்" என்றேன். முனை கல்லுக்கு ஒரு அடி இப்பால் என் கட்டைவிரலின் கீழே இருந்தது.

"நான் வேணா ஒரு எட்டு வந்து பாக்கவாண்ணே?" என்றான் பாண்டி.

"எதுக்குய்யா? கணக்கு வாத்தியாரு புடிச்சிருக்காரு. அங்கிட்டுப் பாக்காத, டேப்ப ஆட்டாமப் புடி."

அப்படியே கல் நட்டார்கள். நடுக்கோடு ஒரு அடி நகர, பாண்டியின் மனையும் ஒரு அடி நகர்ந்து தெருவுக்குள் போய் நின்றது. தெரு அப்போது வெறும் பொட்டல், யாருக்கும் தெரியவில்லை. அவன் வீடு கட்டி, தெருப் பக்கமாக மாடிப்படியும் வைத்தான். மறுவருடம் வாய்க்கால் வெட்ட அளந்தவர்கள் அந்தப் படியில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டார்கள். ஜேசிபி வந்தது. அரை மணி நேரத்தில் படி இல்லை.

பாண்டி அங்குலத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தினான். "நீங்க நட்ட கல்ல நம்பித்தானண்ணே கட்டுனேன்! இப்ப வந்து ரோட்டுல கெடக்குங்குறாய்ங்க!" அங்குலம் திரும்ப அளந்தார். என் மனை நாற்பத்தொரு அடி. டேப்பை உதறிப் பார்த்தார், மறுபடி அளந்தார். நாற்பத்தொன்று. பிறகு என் முன்னால் வந்து கைகூப்பினார்.

"மன்னிச்சிருங்க சார். என் கையில தப்பாயிருச்சு. ஒங்களுக்கும் சங்கடம்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. நான் சொன்னது இது: "பரவாயில்ல, வயசாயிருச்சுல்ல." போர்டிகோ கான்கிரீட் போட்டாயிற்று, இடித்தால் வீடு தாங்காது என்றும் சொன்னேன். வாத்தியார் மேல் தவறில்லையே என்று பாண்டி வாயை மூடிக்கொண்டான். ஒரு இரும்பு ஏணியைச் சாத்தி ஏறி இறங்கினான்.

அங்குலம் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் ஒருநாள் பேரையூரிலிருந்து என் மைத்துனன் போன் செய்தான்.

"மச்சான், ஒங்க ஊரு சர்வேயராம். பழைய நோட்டு ஒண்ண வச்சுக்கிட்டு, தான் முந்தி அளந்த எடத்தையெல்லாம் வீடு வீடா வந்து திரும்ப அளக்குறாரு. எங்க சுவத்தையும் அளந்துட்டு உக்காந்து அழுகுறாரு."

"ஏன், தப்பா இருக்கா?"

"இல்ல மச்சான், அம்புட்டும் சரியா இருக்காம். அப்ப அங்க மட்டும் எப்பிடித் தப்பாச்சுன்னுதான் அழுகுறாரு."

போனை வைத்தேன். ஒரு அடி மண் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மனிதரை ஊர் ஊராக அலையவிட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய், உட்காராமலே சொல்லி முடித்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"எம்புட்டு தள்ளிப் புடிச்சீக?"

"ஒரு அடி."

"பன்னெண்டு அங்குலமா? பன்னெண்டே காலா?"

"பன்னெண்டுதான். ஸ்கேல வச்சு அளந்துதான் புடிச்சேன்."

கண்ணை மூடி எதையோ கூட்டிக் கழித்தார். முகம் மலர்ந்தது. "அப்ப நான் சரி!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏய், நான் சரிடீ!" அடுத்த நொடி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "யோவ், நல்ல கண்ணுய்யா இது! அறுத்துப்புட்டேனேய்யா!" அவருடைய மனைவி வந்துதான் விலக்கிவிட்டார்.

அந்த வாரமே போர்டிகோவை இடித்தேன். வீடு தாங்கிக்கொண்டது. அந்த ஒரு அடி சேர்ந்ததும் என் சுவரை ஒட்டிய பாண்டியின் சந்தில் புதுப் படி ஏறியது, செலவு என்னுடையது. "ஒங்கள மன்னிக்கலாம் சார். ஆனா எம் படிய ஒடச்சப்ப சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தீகளே, அத என்ன செய்ய?" என்றான். இன்றுவரை நேருக்கு நேர் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறான்.

டீக்கடையில், பழைய மாணவர்கள் நிற்கும்போதே, நடந்ததை எல்லோருக்கும் சொன்னேன். அதுவரை அங்குலத்தைக் கூப்பிடாமல் ஒதுங்கியிருந்தவர்கள் மறுபடி மனை அளக்கக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். கார் தெருவில் வெயிலில் நிற்கிறது. மகனுக்கு என்மேல் கோபம்.

அங்குலம் என்னோடு பேசுவதில்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகும்போது என் வாசலில் தன் டிவிஎஸ் வண்டியின் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமல் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார். அதைக் கேட்ட பிறகுதான் நான் காப்பி குடிக்கிறேன்.